நாலு வளைய மெழுகுதிரி

இராசமணி வார்த்த மெழுகுதிரி நாலு மணி நேரம் எரியும். நாலரை இல்லை, மூன்றே முக்காலும் இல்லை. பெருவிரல் பருமன், ஐந்து அங்குல உயரம், மணிக்கு ஒன்றாக ஊசியால் கீறிய வளையங்கள். நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில், ஆட்கள் லாந்தருக்குள் எட்டிப் பார்த்துத்தான் மணி சொல்வார்கள். கையில் கடிகாரம் கட்டியிருந்தவர்களும் ஒரு தடவை லாந்தரைப் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுடைய வேலை பிள்ளை மடுவத்தில். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. தொண்ணூற்று மூன்றில் பணிய லயத்தில், சரிவின் அடியில் தொழிலாளர் குடும்பங்கள் இருந்த வரிசை வீட்டில், ஒரு குப்பி விளக்கு கவிழ்ந்து, மண்ணெண்ணெய் பாயில் ஓடித் தீப்பிடித்தது. அந்தப் பாயில் கிடந்த பிள்ளையைத் தூக்கியவள் இராசமணி. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிப்போனது. கவிழ்ந்தாலும் பரவாத விளக்கு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் அவளுக்குள் புகுந்தது.

தொண்ணூற்றாறில் நாடு முழுக்க மின்சாரத்தை வெட்டினார்கள். லயத்துக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை, லயத்தில் மின்சாரமே கிடையாது. ஆனால் உத்தியோகத்தர் வீடுகளில் தினமும் மெழுகுதிரி எரிந்தது. மிஞ்சிய துண்டுகள் குப்பைக்குப் போயின. தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் இரகுநாதன் வீட்டுக் குப்பைக்குள் இராசமணி கைவிட்டதை அவரே பார்த்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பது குறைவு, சொன்ன சொல்லை மாற்றுவது அதைவிடக் குறைவு. எதற்கு என்று கேட்டார். சொன்னாள். மறுநாளிலிருந்து துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்தார்.

துண்டுகளைக் கொதிநீருக்குள் வைத்த தகரப் பேணியில் உருக்கி, தண்ணீர்க் குழாய்த் துண்டில் வார்த்தாள். முதல் நாற்பது திரிகள் சரியில்லை. சிலது அழுதது, சிலது பாதியில் செத்தது. நூலை இரண்டு புரியாக்கினாள், மூன்றாக்கினாள், உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தாள். மடுவத்துச் சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் ஒவ்வொன்றையும் எரித்துப் பார்த்தாள். லாந்தரின் உடம்பு பால்மா டின். ஒரு பக்கம் வெட்டிக் கண்ணாடி, அடியில் காற்று நுழைய மூன்று மூன்றாகத் துளைகள், மேலே சூடு போகத் தகரத் தொப்பி, உள்ளே திரியைக் குத்தி நிறுத்த ஓர் ஆணி, ஆணியைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்கு ஆற்று மணல். கவிழ்ந்தால் மணல் சரிந்து திரியை அணைத்துவிடும். கண்ணாடியைப் பதுளைக் கடைவீதியில் ஸலீமிடம் வெட்டி வாங்குவாள். ஒரு நூல் கூடினாலும் திருப்பிக்கொடுப்பாள். கண்ணாடிக் கடை வைத்து இருபது வருடமான அந்த மனிதர் ஒருநாள் சலித்துப்போய், "தங்கச்சி, நான் கண்ணாடி வெட்டுறவனா, உங்ககிட்ட சோதனை எழுதுறவனா?" என்று கேட்டார். அவள் சிரிக்காமல் அடுத்த துண்டை அளந்தாள்.

இரண்டாயிரத்தாம் ஆண்டுக்குள் குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பணிய லயத்தில் இருந்த பன்னிரண்டு காம்பராக்களிலும் பன்னிரண்டு லாந்தர்கள் தொங்கின. மழைக்காலத்தில் அது வேறொன்றுக்கும் உதவியது. லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக நின்றது. பிள்ளை மடுவம் அறுபத்திரண்டு படிக்கு மேலே, ஒற்றைப் பாறையில் கட்டியது. மழை மிரட்டினால் ஆட்கள் மடுவத்துக்கு ஏறிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏறி வரும் குடும்பம் தன் லாந்தரை மடுவத்துக் கம்பியில் மாட்ட வேண்டும் என்று இராசமணி ஒரு விதி வைத்தாள். கம்பியில் பன்னிரண்டு தொங்கினால் பன்னிரண்டு குடும்பமும் வந்தாயிற்று. இருட்டில், மழையில், பிள்ளைகளின் அழுகைக்கு நடுவே ஆளை எண்ணுவதைவிட இது சுலபம். மூன்று மழைக்காலம் அந்தக் கணக்கு பிசகவில்லை.

இரண்டாயிரத்து இரண்டு கார்த்திகையில் கடைசிக் காம்பராவில் ஒரு சாவு விழுந்தது. கவ்வாத்து வெட்டும் வேலையில் முப்பது வருடம் இருந்த மனிதர். மகள் வதனி கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். செய்தி போய், அவள் ரயிலேறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் தலைமாட்டு விளக்கு அணையாமல் எரிய வேண்டுமே, அதையாவது தான் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

கூரைத் தகரம் ஒழுகியது. அகல் விளக்கு இரண்டு தடவை அணைந்தது. இரண்டாம் தடவை வதனி அழுத அழுகையைக் கேட்டுத்தான் இராசமணி ஒரு லாந்தரைக் கொண்டுபோனாள். பன்னிரண்டு கணக்கில் சேராத, பதின்மூன்றாவது லாந்தர். மெழுகுதிரி வேதக்காரர் கோயிலில் ஏற்றுவதல்லவா என்று கங்காணி முனகினார். செத்தவருக்குத் தேவை வெளிச்சமா எண்ணெயா என்று இராசமணி திருப்பிக் கேட்டதும் போய்விட்டார். தலைமாட்டு இடத்தில் ஒரு செங்கல்லைப் போட்டு அதன்மேல் லாந்தரை வைத்தாள். வதனியிடம் சொன்னாள்:

"நாலு மணி நேரந்தான். ஆறு, பத்து, ரெண்டு. முடியிறதுக்கு முந்தி புதுத் திரியில பத்த வச்சி மாத்திரு. நேரத்த மட்டும் விட்டுறாத."

வதனி விடவில்லை. ராத்திரி பத்துக்கும் இரண்டுக்கும்கூட எழுந்தாள்.

ஒன்பதாம் நாள் விடியும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இராசமணி மடுவத்துக்குப் போகும் வழியில் வதனி வீட்டுக்குத் திரி கொடுக்க நின்றாள். கதவு திறக்கவில்லை. வதனி உள்ளிருந்து தோளால் முட்டித் திறந்தாள். மழையில் பலகை ஊதியிருக்கும் என்றாள். இராசமணி கதவின் மேல்விளிம்பைப் பார்த்தாள். ஒரு மூலையில் இடைவெளி விரல் போகும் அளவு, மறுமூலையில் ஒன்றுமில்லை. பலகை ஊதினால் இப்படி இருக்காது. நிலை சாய்ந்திருந்தது.

அவள் மடுவத்துக்குப் போகாமல் ஆபீசுக்குப் போனாள். இரகுநாதன் குடையோடு வந்து, லயத்துக்குப் பின்னால் ஏறிப் பார்த்தார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தண்ணீர்க் கான் வெட்டியதுபோல நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. குடைக் கம்பியை விட்டுப் பார்த்தார். கைப்பிடி வரைக்கும் போனது. மத்தியானத்துக்குள் மலையில் நின்றவர்களை இறக்கி, சட்டி பானை கட்டச் சொன்னார்.

சரியாக இரண்டு மணிக்கு வதனி தலைமாட்டு விளக்கை மாற்றினாள். அதை என்ன செய்வது என்று கேட்டாள். வைத்த இடத்திலிருந்து கருமாதிக்கு முன் விளக்கை நகர்த்தக் கூடாது என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே விட்டுவிட்டு வா, அது கவிழ்ந்தாலும் நெருப்புப் பிடிக்காது, ஆறு மணிக்குத் தானாக முடிந்துவிடும் என்றாள் இராசமணி. அதைச் சொல்லும்போது அவள் நினைத்தது நெருப்பைப் பற்றி மட்டும்தான்.

மூன்று மணிக்குக் கம்பியில் பன்னிரண்டு லாந்தர்களும் தொங்கின. இராசமணி இரண்டு தடவை எண்ணிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. மடுவத்துக்குள் லயத்து ஆட்கள் நாற்பத்தேழு பேர். ஈரப் புடவை, தேங்காயெண்ணெய், புகை. மேல் சன்னல்களைச் சாத்தச் சொன்னவர்களை அவள் சாத்த விடவில்லை. இத்தனை திரி எரியும் இடத்தில் காற்று வேண்டும் என்றாள். முன் சன்னலில் நின்று பார்த்தால், மூடுபனி விலகும்போதெல்லாம் கீழே லயத்தின் கடைசியில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. தலைமாட்டு விளக்கு. கதவுக்கு மேலே காற்றுப் போக விட்டிருந்த இடைவெளி வழியாக அதன் வெளிச்சம் வந்தது. ஆறு மணி ஆக ஆகப் புள்ளி சிறுத்தது. கடைசிக் கால் மணியில் திரி அப்படித்தான் குனியும். சுவர்க் கடிகாரம் ஆறைத் தாண்டி ஒரு நிமிடம் ஆனபோது புள்ளி இல்லை. இராசமணிக்குத் தன் வேலையில் ஒரு சின்னத் திருப்தி வந்தது. திரும்பினாள்.

"வந்துட்டாருடா பெருசு," என்றது கங்காணியின் குரல்.

சன்னலில் மறுபடி மஞ்சள் புள்ளி இருந்தது. சிறுத்த புள்ளி இல்லை. புதுத் திரியின் நிமிர்ந்த வெளிச்சம்.

"காலையில பேர் எடுக்குற பெரட்டுக்குக்கூட நேரத்துக்கு வராத மனுசன், வெளக்குக்கு மட்டும் நேரம் தவறாம வந்துட்டாரு பாத்தியா," என்று கங்காணி சிரிக்கப் பார்த்தார். பெண்கள் சன்னலை நோக்கிக் கைகூப்பினார்கள். ஒருவர் சூடம் தேடினார். ஆளில்லாத லயத்தில், பூட்டாத வீட்டில், அணைந்த விளக்கைச் செத்தவரைத் தவிர யார் ஏற்ற முடியும்? ஒன்பது நாள்தானே ஆகிறது, ஆத்மா வீட்டைச் சுற்றித்தான் இருக்கும் என்று மூலைக்கு மூலை பேச்சு ஓடியது.

இராசமணி அந்தத் திரியைத் தன் கையால் வார்த்தவள். அது தானாக எரியாது. அவள் கம்பியைப் பார்த்தாள், பன்னிரண்டு. வதனி வீட்டு லாந்தரும் அதில் தொங்கியது. அதற்குக் கீழே வதனியின் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"வதனி எங்கக்கா?"

"வெளிய போயிருக்கா. வந்துருவா."

"எவ்வளவு நேரமா?"

அம்மா முந்தானையைச் சுருட்டினார், விரித்தார். கைகூப்பாத ஒரே பெண் அவர்தான் என்பதை இராசமணி அப்போதுதான் கவனித்தாள்.

"நீதானேம்மா சொன்ன, நாலு மணி நேரந்தான், நேரத்த விட்டுறாதன்னு," என்றார் அம்மா. "மாத்திட்டு ஒரே ஓட்டமா வந்துர்றேன்னு எறங்குனா."

வாசலில் நின்ற இரகுநாதனுக்கு விசயம் போனது. ஏறி வரப் பத்து நிமிடம் பிடிக்கும், பொறுங்கள் என்றார். நியாயம்தான். இராசமணி கதவருகே நின்று பக்கத்தில் தொங்கிய திரியின் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் போயிற்று. படியில் காலடி இல்லை. இன்னும் ஐந்து நிமிடம். கீழே புள்ளி அசையாமல் எரிந்தது.

அப்போது மடுவத்தில் இருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்; காதில் ஏதோ குறைந்திருந்தது. எது குறைந்தது என்று உடனே தெரியவில்லை. கங்காணிதான் கண்டுபிடித்தார். லயத்துக்குப் பக்கத்தில் காலையிலிருந்து இரைந்துகொண்டிருந்த ஓடையின் சத்தம் நின்றுபோயிருந்தது. மழை விடவில்லை, ஓடை மட்டும் நின்றுவிட்டது. மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை மறித்திருக்கிறது. அது உடைத்துக்கொண்டு வரும். மலையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"ஒருத்தரும் கீழ இறங்கக் கூடாது," என்றார் இரகுநாதன். "ஒரு ஆளுக்காக இன்னும் நாலு பேரை நான் விடமாட்டன்."

இராசமணி கம்பியிலிருந்து ஒரு லாந்தரை எடுத்தாள். "அவ என் சொல்லுக்குத்தான் போயிருக்காய்யா. நீங்க மத்தவங்கள விட வேணாம். விறகு மடுவத்துல அலவாங்கு இருக்கு, அத மட்டும் எடுத்துத் தாங்க."

"அலவாங்கு ஏன்?"

"காலையிலேயே அந்தக் கதவு இறுகிக் கிடந்துச்சி. தொறக்க முடிஞ்சா இந்நேரம் வந்திருப்பா."

இரகுநாதன் அவளுடைய கையைப் பார்த்தார், சுருங்கிய தோலை. பிறகு ஆள் உயர இரும்பு அலவாங்கை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். "நடவுங்கோ," என்றார்.

அறுபத்திரண்டு படி. மழை சரிவாக அடித்தது. அவருடைய டோர்ச் பாதி வழியிலேயே மங்கிச் செத்தது. இராசமணி காற்று வரும் பக்கத்துத் துளைகளை ஈரத் துணியால் அடைத்து, மறுபக்கத் துளைகளை மட்டும் திறந்துவிட்டு லாந்தரைப் பிடித்தாள். கண்ணாடி காட்டியது முன்னால் இரண்டு படியைத்தான். அவள் நின்று பார்க்க நேரமில்லை. காலால் படியின் விளிம்பைத் தேடித் தேடி இறங்கினாள்.

லயத்தின் முன்னால் ஓடும் இஸ்தோப்புத் திண்ணையின் தரை பிளந்திருந்தது. அதைத் தாண்டிக் கடைசிக் காம்பராவுக்கு வந்தபோது உள்ளிருந்து பலகையைக் கையால் அடிக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அடித்துக் களைத்த கையின் சத்தம்.

"வதனி."

"அத்தை, உள்ள வந்து சாத்துனேன், காத்துல வெளக்கு போயிருமேன்னு. இப்ப தொறக்க மாட்டேங்குது."

இரகுநாதன் அலவாங்கைப் பூட்டுப் பக்கம் செருகி எக்கினார். பலகை முனகியது, நகரவில்லை. இன்னொரு முறை எக்கியபோது சுவரிலிருந்து சாந்து கொட்டியது. இராசமணி லாந்தரை உயர்த்தி நிலையின் சாய்வைப் பார்த்தாள்.

"அங்கன இல்லைங்கய்யா. செவுத்துப் பாரம் பூரா அந்தப் பக்கந்தான் உக்காந்திருக்கு. இந்தப் பக்கம், கீழ்க் கீல்ல வையுங்க."

அவர் இடம் மாற்றினார். கீலின் ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. பலகையின் கீழ்ப்பாதி திறந்து, ஓர் ஆள் குனிந்து வரும் அளவு வழி கிடைத்தது. உள்ளே வதனி விளக்கின் பக்கத்தில் நின்றாள். நின்றாளே தவிர வரவில்லை.

"வாடி வெளிய."

"வெளக்க விட்டுட்டு எப்பிடி அத்தை? எடத்த விட்டு எடுக்கவுங் கூடாது. மொகத்தத்தான் பாக்கல, இதையுமா விடச் சொல்றீங்க?"

மேலே, இருட்டில், கற்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. கையைப் பிடித்து இழுத்தால் வதனி மல்லுக்கு நிற்பாள், நேரம் போகும். இராசமணி லாந்தருக்கு அடியில் இருந்த செங்கல்லைக் காட்டினாள்.

"அப்பா தலமாட்டு எடம் இதுதானே? கல்லோட எடு. எடமும் சேந்து வருது. எவன் கேட்டாலும் நான் பதில் சொல்றேன்."

வதனி ஒரு மூச்சு நேரம் யோசித்தாள். லாந்தரைக் கையில் எடுத்து, செங்கல்லைப் பலகை இடுக்கு வழியாக நீட்டினாள். வாங்கிக்கொண்டவர் இரகுநாதன். அலவாங்கைப் போட்டுவிட்டுக் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

இஸ்தோப்புப் பிளவில் இராசமணியின் கால் இறங்கியது. கையிலிருந்த லாந்தர் கவிழ்ந்தது. மணல் சரிந்து திரியை மூடியது. அவள் அமைத்தபடியே அது அணைந்தது. வதனி ஒரு கையால் அவளைத் தூக்கினாள். அதற்குப் பிறகு அந்த மூவருக்கும் இருந்தது தலைமாட்டு விளக்கு ஒன்றுதான். வதனி அதை முன்னால் நீட்டிப் பிடிக்க, இராசமணி நொண்டிக்கொண்டே காற்றுப்பக்கத் துளைகளைத் தன் பழைய தழும்புக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள். சூடு தெரிந்தது. எடுக்கவில்லை.

நாற்பதாவது படியோ என்னவோ, கீழே சத்தம் வந்தது. லொறியிலிருந்து சல்லி கொட்டும் சத்தம் போலத் தொடங்கி, நிற்காமல் நீண்டது. தகரங்கள் மடியும் ஓசை அதற்குள் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் ஏறும் கால்கள் மட்டும் வேகமாயின. கடைசி நான்கு காம்பராக்கள் போய்விட்டன என்பதை விடிந்த பிறகுதான் பார்த்தார்கள். அலவாங்கு கிடைக்கவேயில்லை.

மடுவத்து வாசலில் அம்மா மகளைப் பிடித்துக்கொண்டார். பெரிய கிளாக்கர் செங்கல்லோடு நின்றதைப் பார்த்துக் கங்காணி எழுந்து வந்தார். கல்லை இரண்டு கையாலும் வாங்கி, மூலையில் சாணம் மெழுகிய இடத்தில் வைத்தார். வதனி அதன்மேல் லாந்தரை வைத்தாள்.

இராசமணி கம்பியைப் பார்க்கவில்லை. ஈரப் பாவாடையோடு ஆட்களுக்கு நடுவே போனாள். உறங்குகிற பிள்ளை, பேசிக்கொண்டிருந்த கிழவர் என்று பார்க்காமல் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினாள். நாற்பத்தேழு. வாசலில் துவைத்துப் போட்டதுபோல உட்கார்ந்திருந்த இரகுநாதனிடம் வந்தபோது கை தயங்கியது.

"ஆளை எண்ணுறதெண்டால் என்னையும் எண்ணத்தானே வேணும்," என்றார் அவர், தலையைக் கொஞ்சம் குனிந்து.

தொட்டாள். நாற்பத்தெட்டு.

வதனி கல்லுக்குப் பக்கத்தில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். கண் சொக்கியது, தலையை உலுக்கிக்கொண்டாள். லாந்தருக்குள் முதல் வளையம் உருகிப்போயிருந்தது.

"இது பத்து மணிக்குத்தானே அத்தை முடியும்?" என்று கேட்டாள்.

"எப்பவோ முடியட்டும். நீ படு," என்றாள் இராசமணி. மடியிலிருந்து புதுத் திரி ஒன்றை எடுத்துக் கல்லருகே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இன்னையிலருந்து கருமாதி வரைக்கும் மாத்துறது நான்."